சயாம் ரயில்: சன்னலுக்கு வெளியே நம் வரலாறு

ஆண்டிறுதி விடுமுறையில் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போயிருந்தேன். அங்கிருந்து நாம் தொக் வரை போகும் ரயிலில் ஏறினால் கண்ணுக்கு விருந்துதான். கரும்பும் மரவள்ளியும் விளைந்த வயல்கள், கூடவே வரும் குவே நொய் ஆறு, தூரத்தில் மலைகள். தாம் கிராசே அருகில், மலைச்சரிவை ஒட்டிய மரப்பாலத்தில் ரயில் மெதுவாக ஊர்ந்தது. எல்லாரும் கைப்பேசியோடு சன்னல் பக்கம் ஓடினார்கள். நானும் ஓடினேன்.

ஆனால் இந்தப் பாதைக்கு நம்மிடையே வேறு பெயர் உண்டு: சயாம் மரண ரயில்.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்த படைக்குக் கடல்வழியாகப் பொருள் அனுப்புவது ஆபத்தாக இருந்தது. நீர்மூழ்கிக் கப்பல்கள் தாக்கின. அதனால் தாய்லாந்தின் பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, காடு மலையெல்லாம் கடந்து, சுமார் 415 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டார்கள். 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. பெரும்பாலும் கைவேலைதான். 'ஹெல்ஃபயர்' கணவாயில் பாறையைச் சம்மட்டியாலும் உளியாலும் துளையிட்டு, வெடி வைத்துப் பிளந்தார்கள்.

வேலை செய்தவர்கள் யார்? சுமார் 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களைவிடப் பல மடங்கு அதிகம் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய், தோட்டங்களில் வேலையில்லை, அரிசியில்லை. முதலில் நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். பிறகு ஆளைப் பிடித்தே ஏற்றினார்கள்.

1943 மழைக்காலத்தில் காலரா பரவியது. கைதிகளின் முகாம்களில் மருந்து இல்லாவிட்டாலும் அவர்களுடைய இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், கட்டுப்பாடு இருந்தது. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 பேர் என்பது ஒரு மதிப்பீடு. ஏன் மதிப்பீடு? யாரும் முறையாகப் பட்டியல் எழுதி வைக்கவில்லை.

காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 வீரர்கள் அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் உண்டு. கைதிகள் உயிரைப் பணயம் வைத்து இரகசியமாகக் குறிப்பெழுதினார்கள். போர் முடிந்ததும் அதை வைத்துச் சடலங்களைத் தேடி எடுத்தார்கள். நம்மவர்களோ பாதையோரக் காட்டிலேயே புதைந்துபோனார்கள்.

திரும்பி வந்ததும் படிவம் இரண்டு மாணவர்களிடம் அந்தக் கல்லறைப் படத்தைக் காட்டினேன். ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இதுல நம்மாளுங்க பேரு எங்க?"

அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். 'நம்ம குடும்பத்துல யாராவது சயாமுக்குப் போனாங்களா?' என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, மூன்று விவரங்கள் எழுதி வரவேண்டும்: பெயர், தோட்டம், திரும்பினாரா இல்லையா. பலர் வெறும் தாளோடு வந்தார்கள். அந்த மாணவி மட்டும் தன் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் பெயரை எழுதி வந்தாள். தோட்டத்தின் பெயர் பாட்டிக்குப் பாதிதான் ஞாபகம். மூன்றாவது வரியில் 'வரல' என்று இருந்தது.

நேரில் பார்த்தவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். அவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம் மாணவர்களின் வீடுகளில் இருக்கிறார்கள். இந்தத் தவணையிலேயே இந்தப் பயிற்சியை உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள்.