மும்பை மாரத்தான்: நேரத்தைக் குறைக்க முற்பாதியில் நிதானம் அவசியம்

மும்பையில் 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாரத்தான் போட்டி, வழக்கமாக ஜனவரி மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நடைபெறுகிறது. முழு மாரத்தானின் தொலைவு 42.195 கிலோமீட்டர். அதை 4 மணி நேரத்தில் நிறைவு செய்ய விரும்பும் அமெச்சூர் ஓட்டக்காரர், ஒரு கிலோமீட்டரைச் சராசரியாக 5 நிமிடம் 41 வினாடிகளில் கடக்க வேண்டும்.

விடியலுக்கு முந்தைய குளிர்ச்சியில் புறப்படுவோர் பலர், தொடக்கத்திலேயே இதைவிட விரைந்து ஓடிவிடுகின்றனர். வேகம் கூடும்போது தசைகளில் சேமிக்கப்பட்டுள்ள கிளைகோஜன் விரைவில் செலவாகிறது. சுமார் 30 கிலோமீட்டருக்குப் பின் அது குறையும் வேளையில் வெயிலும் ஏறுகிறது. கடலோர ஈரப்பதத்தால் வியர்வை எளிதில் ஆவியாகாததால் உடல் வெப்பம் தணிவதில்லை. பல ஆண்டுகளாக ஓட்டப்பாதையில் இடம்பெற்ற பெடார் சாலை ஏற்றமும் ஏறத்தாழ 35 கிலோமீட்டருக்குப் பின்னரே வரும். அங்கு நடக்க நேர்ந்தால், முற்பாதியில் மிச்சப்படுத்திய நிமிடங்கள் கரைந்துவிடும்.

எண் அட்டையில் உள்ள சிப், ஓட்டக்காரர் தொடக்கக் கோட்டைக் கடந்த நொடியிலிருந்தே நிகர நேரத்தைக் கணக்கிடுவதால், நெரிசலில் முந்த வேண்டிய தேவையில்லை.

வாராந்திரப் பயிற்சியின் பெரும்பகுதி, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அமைவது நல்லது. அத்துடன் வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டமும் ஒரு விரைவோட்டமும் போதுமானவை. ஏற்றத்துக்கு மேம்பாலங்களில் பழகலாம்.

போட்டியின்போது தள்ளாட்டம், மனக்குழப்பம், மார்புவலி ஆகியவற்றில் எது தோன்றினாலும், நேரத்தைப் பொருட்படுத்தாது ஓட்டத்தை நிறுத்தி உடனடியாக மருத்துவ உதவி பெற வேண்டும்.