குருதியும் குலப்பெருமையும்

மனிதனை மனிதன் தாழ்த்துதற்குக் கையாண்ட சொற்களுள் 'குருதி' மிகப் பழையது. "நல்ல இரத்தம்", "கலப்பிரத்தம்" என்னும் பேச்சு திருமணப் பேச்சிலும் அரசியல் மேடையிலும் இன்னும் ஒழிந்தபாடில்லை. அச்சொல்லின் பின்னே நிற்கும் மெய்ப்பொருள் யாது? விஞ்ஞான வரலாற்றிடமே கேட்போம்.

1901இல் வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டெய்னர் மனிதக் குருதி வகைப்படும் என நிறுவினார். அவ்வறிவு எண்ணற்ற உயிர்களைக் காத்தது. முதலாம் உலகப் போரின் இறுதியில், சலோனிக்காவிற் பணியாற்றிய லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட் என்னும் போலந்து மருத்துவரும் அவர் மனைவியாரும் பல நாட்டுப் படைவீரரின் குருதியைச் சோதித்தனர். மேற்கு ஐரோப்பியரிடையே ஏ வகையும், இந்தியச் சிப்பாய்களிடையே பி வகையும் மிகுந்திருந்தன. எனினும் எல்லா வகையும் எல்லாரிடத்தும் இருந்தன. 1919இல் வெளியான இக்கணக்கை ஜெர்மானிய இனவெறியர் தமக்கேற்பத் திரித்தனர். 1935இல் நாசி அரசு 'ஜெர்மானியக் குருதி'யைக் காக்கச் சட்டம் இயற்றியது. ஆனால் அங்கு அளவுகோலாயிருந்தது குருதியன்று. பாட்டன் பாட்டியரின் மதமே! யூதக் குடும்பத்திற் பிறந்த ஹிர்ஷ்ஃபெல்டும் 1941இல் வார்சோவின் யூதர் அடைப்பிடத்துள் தள்ளப்பட்டார். நாசிகளை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்காவிலோ, செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினத்தவரின் குருதியை 1950 வரை வேறாகப் பிரித்தே வைத்தது.

உண்மையில் குருதிவகை என்பது, செங்குருதிக் கலத்தின் மேற்பரப்பில் கொழுப்போடும் புரதத்தோடும் பிணைந்து நிற்கும் வெல்லச் சங்கிலியின் நுனியே. அங்கே ஒரு வெல்லம் சேர்ந்தால் ஏ. சற்றே வேறான வெல்லம் சேர்ந்தால் பி. இரண்டும் காணப்படின் ஏபி. எதுவும் சேராவிடின் ஓ. அவ்வெல்லத்தைப் பொருத்துவது ஒரு நொதியம். 1990இல் சியாற்றில் நகரில் யமமோட்டோ, ஹகோமொரி முதலிய ஆய்வாளர், மனித நுரையீரலிலிருந்து தூய்மையாக்கப்பட்ட நொதியத்தைத் துப்பாகக் கொண்டு, அதனை ஆக்கும் பரம்பரையலகைப் பிரித்துப் படியெடுத்தனர். கண்டது என்ன? ஏ நொதியத்துக்கும் பி நொதியத்துக்கும் உள்ள வேறுபாடு, 350க்கு மேற்பட்ட அமினோ அமிலங்களுள் நான்கே! ஓ வகையிலோ பரம்பரையலகில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதனால் பின்வரும் வாசகம் பிறழ, நொதியம் செயலற்றுப் போயிற்று.

நான்கு அமிலம், ஓரெழுத்து: இவற்றின்மேல் எந்தக் குலத்தின் உயர்வைக் கட்டுவது? ஏ, பி வகைகள் மனிதக் குரங்குகளிடத்தும் உள்ளனவே!

ஆயினும் உண்மை தானே வெல்லும் என்று நாம் கைகட்டி இருத்தல் ஆகாது. சலோனிக்காக் கணக்கும் உண்மையே. அதனைத் திரித்தோர் கையிலே அதிகாரம் இருந்தது. ஆய்வுகூடம் கண்ட உண்மையை வகுப்பறைக்கும் வீதிக்கும் கொண்டுசெல்லும் கடமை நம்முடையது.