வன்னிப் பட்டிமாடும் உண்ணிக் காய்ச்சலும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் தமிழில் உண்டு. வவுனியாவை அடுத்த நெளுக்குளம் போன்ற வன்னிக் குளக்கரை ஊர்களில் அப்பொருள் அகராதியளவில் நின்றதன்று. காலபோகத்திற் பயிரைக் காத்தற்பொருட்டுக் காட்டுப்பக்கம் சாய்க்கப்படும் மாடுகள், அறுவடை முடிந்ததும் வயலுக்கு மீண்டு, பட்டியடைக்கப்பட்டு, நிலத்துக்கு எருவும் மனைக்குப் பாலும் தருவன. அவற்றோடு மேய்ச்சற் காட்டினின்றும் கூடவே வரும் பகை உண்ணியாகும்.

உண்ணியால் நோய் பரவும் என்னும் உண்மையைக் கற்றோர் உலகம் பிந்தியே ஏற்றது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் நாட்டு மந்தைகள் வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டன. அவை நலமாயிருக்க, அவை சென்ற வழியில் மேய்ந்த வடபுல மாடுகளே மடிந்தன. மாட்டுக்காரர் உண்ணியைக் காரணங்காட்டினர். அறிஞர் பலர் நம்பினாரல்லர். 1893இல் தியோபால்ட் சிமித், கில்போர்ண் என்போர் வெளியிட்ட ஆய்வு மாட்டுக்காரர் கூற்றே மெய்யென நிறுவியது.

அந்நோய்க்குக் காரணம் ஓரணுவுயிரொன்று. நோயுற்ற மாடுகளின் செங்குருதிக் கலங்களின் ஓரத்தே சிமித் கண்ட நுண்புள்ளிகளை அவ்வுயிரின் ஒரு பருவமென்றே அவர் கருதினார். 1910இல் தென்னாபிரிக்காவில் ஆணல்ட் தைலர் அவை பிறிதொரு நோயின் கிருமிகளெனத் தெளிந்து, அனாப்பிளாசுமா எனப் பெயரிட்டார். அது பற்றீரியா வகையினது என்பது பின்னர்ப் புலனாயிற்று. இலங்கை மாடுகளிடையும் அந்நோய் உண்டு. காய்ச்சல், இரத்தச்சோகை, கண்ணிமையின் உட்புறம் வெளிறி மஞ்சளித்தல் என்பன அதன் குறிகள். ஓரணுவுயிரால் வரும் காய்ச்சலிற் போலச் சிறுநீர் சிவப்பதில்லை.

இந்நோயின் இயல்பு வியப்புக்குரியது. இளங்கன்றை இலேசாய்த் தீண்டும் அது, வளர்ந்த மாட்டைக் கொல்லவும் வல்லது. கன்றுப்பருவத்தில் நோய்பட்டுத் தேறிய மாடு, கிருமியைத் தன்னுட் கொண்டே எதிர்ப்புவலியும் பெற்று வாழும். எனவே, உண்ணியிடையே பிறந்து வளர்ந்த பட்டிமாடு நிலைத்து நிற்கிறது. உண்ணியறியாத் தொழுவில் வளர்ந்த பசு, பட்டிக்கு வந்ததும் வீழ்கிறது. டெக்சாஸ் மந்தையின் கதையும் இத்தகையதே.

பாலைப் பெருக்கும் நோக்குடன் 20ஆம் நூற்றாண்டில் யேர்சி, பிரீசியன் முதலிய ஐரோப்பிய இனங்கள் இலங்கைக்குக் கொணரப்பட்டன. அவை பாலில் மிக்கன. உண்ணியைத் தாங்குவதிற் குறைந்தன. 2009இல் போர் முடிந்தபோது வன்னியில் மந்தையை இழந்து நின்றோர் பலர். அத்தகையோர் வாங்கும் ஒற்றைக் கலப்பினப் பசு நோயில் வீழின், ஒரு குடும்பத்தின் முதலே வீழ்ந்ததாகும். தெற்றாசைக்கிளின் மருந்து உயிர்காக்கும். ஆயினும் குறியறிந்து காலத்தே கொடுத்தல் வேண்டும்.

ஆதலின் பசுவின் பாலளவை மட்டும் வினவுதல் போதாது. அது எவ்விடத்து வளர்ந்தது என்பதையும் வினவுதல் வேண்டும். புதிய பசுவைச் சிறிதுகாலம் புறம்பே கட்டி, நாடோறும் உண்ணி பார்த்தல் நன்று. மெலிந்த நாட்டுமாடென இகழப்படும் பட்டிமாடு, பல தலைமுறை ஈட்டிய வலியைத் தன் குருதியிற் காத்து நிற்பது. அதனை முற்றும் கைவிடுதல் முதலை இழந்து வட்டியை நாடுவதாகும்.