சிலிக்கோன் பைகளின் வரலாறும் பெண்களின் தெரிவும்

மார்பகத்தைப் பெரிதாக்கும் சத்திரசிகிச்சையை நாடும் பெண்ணை ஏளனம் செய்வது எமது சமூகத்தில் மிகவும் சுலபமானது. எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் செல்வது, எந்த வகையான உள்வைப்பைத் தெரிவு செய்வது என்று அவர் கேட்டால் அதை வெறும் அழகு மோகம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், அந்தக் கேள்விகள் நியாயமானவை என்பதை கடந்த ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு நிரூபிக்கிறது. அந்த வரலாறு நெடுகிலும் நான் காண்பது ஒன்றையே. பெண்ணின் உடலுக்குள் பொருள் முதலில் சென்றது. அது பாதுகாப்பானதா என்ற ஆராய்ச்சி பின்னரே வந்தது.

1895 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்ற மருத்துவர், கட்டி அகற்றப்பட்ட மார்பகம் ஒன்றை அந்தப் பெண்ணின் உடலிலிருந்தே எடுத்த கொழுப்புக் கட்டியைக் கொண்டு நிரப்பினார். அதையடுத்து பரபின் மெழுகை ஊசி மூலம் ஏற்றும் முறை வந்தது. இரண்டாவது உலகப்போருக்குப் பிறகு ஜப்பானிலும் பின்னர் லாஸ் வேகாஸ் நடன மாதர் மத்தியிலும் திரவ சிலிக்கோன் ஏற்றப்பட்டது. இரண்டுமே உடலுக்குள் இடம்பெயர்ந்து கட்டிகளையும் புண்களையும் உண்டாக்கின. மார்பகங்களையே இழந்த பெண்களும் உண்டு.

இன்றைய சிலிக்கோன் ஜெல் பை 1962 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிறந்தது. தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ ஆகிய மருத்துவர்கள் அதை ஒரு நாயின் உடலில் பரிசோதித்த பின்னர் ஆறு பிள்ளைகளின் தாயொருவருக்குப் பொருத்தினர். அவர் மருத்துவமனைக்குச் சென்றது பச்சை குத்தியதை அகற்றுவதற்காக. அவர் சீர்செய்ய விரும்பியது தனது காதுகளை. மார்பகம் பற்றிய யோசனை மருத்துவர்களுடையதே.

மருத்துவ சாதனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அமெரிக்காவில் 1976 இல் வந்தபோது, ஏற்கெனவே விற்பனையில் இருந்த உள்வைப்புகள் பாதுகாப்பை நிரூபிக்காமலேயே சந்தையில் நீடித்தன. 1992 இல் அவற்றின் பாவனை பெருமளவுக்கு நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கான வழக்குகளை எதிர்நோக்கிய டவ் கோர்னிங் கம்பனி 1995 இல் வங்குரோத்துப் பாதுகாப்பைக் கோரியது. 1999 இல் வெளியான அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, உடல் முழுவதையும் பாதிக்கும் நோய்களுக்கு சிலிக்கோனே காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால், பை கிழிதலும் அதைச் சுற்றிய வடுத்திசு இறுகுதலும் உண்மையான பிரச்சினைகள் என்பதை அது மறைக்கவில்லை. 2006 இல் ஜெல் பைகளுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது.

ஐரோப்பாவில் நடந்ததோ அப்பட்டமான மோசடி. பிரான்ஸின் பிஐபி கம்பனி மருத்துவத்துக்கு அங்கீகரிக்கப்படாத, கைத்தொழில் பாவனைக்கான சிலிக்கோனை நிரப்பி உலகெங்கும் விற்றது. முன்னறிவித்தலுடன் வந்த பரிசோதகர்களின் கண்களில் படாதவாறு அது மறைக்கப்பட்டது. 2010 இல் உண்மை வெளியானது. 2013 இல் அதன் ஸ்தாபகர் ஜோன் குளோட் மாஸுக்கு நான்கு வருட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை ஒரு சிலருக்கு, அச்சம் இலட்சக்கணக்கான பெண்களுக்கு.

சொரசொரப்பான மேற்பரப்புடைய உள்வைப்புகளுக்கும் அரிதான நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றுக்கும் இடையிலான தொடர்பும் பின்னரே உறுதியானது. 2019 இல் அலர்கன் கம்பனி அத்தகைய உற்பத்திகளை உலகம் முழுவதிலுமிருந்து மீளப்பெற நேர்ந்தது. அபாயங்களை ஒவ்வொன்றாக விளக்கி பெண்ணிடம் கையொப்பம் பெறும் பட்டியல் அமெரிக்காவில் 2021 இல்தான் கட்டாயமானது.

சத்திரசிகிச்சை செய்பவர் விடயத்திலும் கதை இதுவே. அவுஸ்திரேலியாவில் 2023 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வரை, சத்திரசிகிச்சையில் விசேட பயிற்சி பெறாத மருத்துவர்கூட தன்னை அழகியல் சத்திரசிகிச்சை நிபுணர் என்று விளம்பரம் செய்ய முடிந்தது.

எனவே, இந்தச் சிகிச்சையை நாடும் பெண், மருத்துவரின் விசேட தகைமை என்ன, உள்வைப்பின் உற்பத்தியாளர் யார், மேற்பரப்பு எத்தகையது, தொடர் இலக்கம் எழுதிய அட்டை தரப்படுமா, பை கிழிந்தால் மறுசத்திரசிகிச்சையின் செலவு யாருடையது என்று கேட்கவேண்டும். உள்வைப்பு எதுவும் ஆயுள் முழுவதற்குமானது அல்ல என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இக்கேள்விகளுக்கான விலையை முன்னைய தலைமுறைப் பெண்கள் தங்களது உடல்களால் செலுத்திவிட்டார்கள். அவற்றைக் கேட்பதை விரும்பாத மருத்துவரிடமிருந்து எழுந்து வருவதே விவேகம்.