வகுப்பறை ஒழுங்கை எங்கே பார்ப்பது?

வகுப்பறையை உற்றுநோக்க வருபவரின் கண் பெரும்பாலும் ஆசிரியர் ஒரு மாணவரைக் கண்டிக்கும் கணத்தில்தான் போய் நிற்கிறது. குரல் உயர்ந்ததா, வகுப்பு அடங்கியதா என்பதே குறிப்பேட்டில் ஏறுகிறது. ஆசிரியரின் வகுப்பு மேலாண்மையை அங்கே தேடுவது வீண் என்று கருதுகிறேன்.

இதற்கு வலுவான சான்று தந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின். தம் கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரை அவர் கடிந்துகொண்டபோது, மற்ற மாணவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எவ்வகைக் கண்டிப்பு பலிக்கும் என்ற கேள்வி அங்கே பிறந்தது. பின்னர் பள்ளி வகுப்புகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தார். 1970இல் வெளியான அவருடைய நூல் எதிர்பாராத விடையைத் தந்தது: கண்டிக்கும் விதத்துக்கும் மாணவர் நடத்தைக்கும் சொல்லத்தக்க தொடர்பு இல்லை. நல்ல வகுப்பை வேறுபடுத்தியவை, சிக்கல் எழும் முன்பே ஆசிரியர் செய்துகொண்டிருந்த காரியங்கள்.

அவற்றுள் தலையாயது, வகுப்பின் எந்த மூலையில் என்ன நடந்தாலும் தமக்குத் தெரியும் என்பதை ஆசிரியர் செயலால் உணர்த்துவது. கடைசி வரிசையில் ஒருவன் பென்சிலைப் பிடுங்குகிறான், பறிகொடுத்தவன் கத்துகிறான். ஆசிரியர் கத்தியவனை அதட்டினால் அது ஆளைத் தவறவிட்ட பிழை. சண்டை மூன்று பெஞ்சுக்குப் பரவிய பிறகு தலையிட்டால் காலம் தவறிய பிழை. இரண்டிலும் அதட்டல் எவ்வளவு பக்குவமாக இருந்தாலும் பயனில்லை. ஆசிரியர் கவனிக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள். பாடம் மாறும் நிமிடங்களும் அப்படித்தான். கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, மீண்டும் முந்தைய சொல்வதெழுதுதலைப் பற்றி விசாரித்தால் வகுப்பின் ஓட்டம் அறுந்துபோகும்.

பயிற்சிக் கல்லூரிகளில் நெடுநாளாகக் கற்பிக்கப்படும் ஃபிளாண்டர்ஸ் முறை இவற்றைப் பிடிக்காது. மூன்று விநாடிக்கு ஒருமுறை பேச்சைப் பத்து வகைகளில் ஒன்றாகக் குறிக்கும் முறை அது. பத்தாவது வகையில் மௌனமும் குழப்பமும் ஒன்றாகவே அடங்குகின்றன. முப்பது பிள்ளைகள் தலைகுனிந்து கணக்குப் போடும் அமைதியும், யாரும் யாரையும் கேட்காத இரைச்சலும் ஒரே எண். பேச்சை ஆராய அது நல்ல கருவிதான். மேலாண்மையை அளக்கப் போதாது.

உட்காரும் இடமும் பொருட்டு. பார்வையாளரைப் பின்பெஞ்சில் அமர்த்துவது நம் வழக்கம். அங்கிருந்து ஆசிரியரின் முகமும் பிள்ளைகளின் முதுகும்தான் தெரியும். முன்பக்க ஓரத்தில் அமர்ந்தால் இரு தரப்பையும் ஒருசேரப் பார்க்கலாம். 2014ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிமுறைகள் பி.எட். மாணவர்களுக்கு 20 வாரப் பள்ளி அனுபவத்தைக் கட்டாயமாக்கின. அதன் தொடக்க நாள்களிலாவது, கண்டிப்பு நிகழ்ந்த கணத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய இரண்டு நிமிடங்களை எழுதிவரச் சொல்லலாம்: ஆசிரியர் எங்கே நின்றார், யாருடைய நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார், வேலையை முடித்துவிட்ட பிள்ளைகள் எதற்காகக் காத்திருந்தார்கள்.