ஓலையும் இனிப்பும்: பனைநாட்டு வீடுகளின் கைவினை வரலாறு

தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளிலும், தேரி எனப்படும் செம்மணல் மேடுகளிலும், கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வாழ்ந்த குடும்பங்களுக்குப் பனை என்பது உணவு தரும் மரமாகவும் பாத்திரம் தரும் மரமாகவும் ஒரே வேளையில் இருந்தது. அம்மரத்தின் பதநீரைக் காய்ச்சி இனிப்பு செய்த அதே பெண்கள்தான், அதன் குருத்தோலையைக் கிழித்து அந்த இனிப்பை வைக்கும் பெட்டியையும் முடைந்தார்கள். அந்தப் பெட்டியின் ஓரத்தில் எஞ்சிய ஓலைத் துண்டுகளே குழந்தைகளின் கைக்குக் காற்றாடியாகவும் கிலுகிலுப்பையாகவும் போய்ச் சேர்ந்தன. கைவினை என்றும் பலகாரம் என்றும் இன்று இரு வேறு துறைகளாகப் பிரித்துப் பேசப்படுபவை, பனைநாட்டில் ஒரே முற்றத்தில் ஒரே கையால் நடந்த ஒரே வேலையின் இரு பகுதிகளாகவே இருந்தன என்பதை அவற்றின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இந்த உறவின் பழமைக்குச் சங்க இலக்கியமே சான்று. சேரரின் அடையாளப் பூவாகப் பனம்பூ இருந்ததும், காதலில் தோற்ற தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊரறிய வருவதாகிய மடலேறுதல் என்னும் வழக்கும் பலரும் அறிந்தவை. ஆனால் வீட்டுக் கைவினையின் வரலாற்றுக்கு அவற்றைவிடப் பயன்படுவது ‘குடை’ என்னும் எளிய சொல்லாகும். மழைக்குப் பிடிக்கும் குடையை மட்டுமன்றி, ஓலையை மடித்துக் குழிவாகச் செய்த ஏனத்தையும் இச்சொல் குறித்தது. ஆவூர் மூலங்கிழார் பாடிய புறநானூறு 177ஆம் பாடலில் மக்கள் பனங்குடையில் வைத்து உணவு உண்கிறார்கள். குறுந்தொகை 168ஆம் பாடலிலோ, மாரிக்காலப் பித்திக மொட்டுகள் பசும் பனங்குடையில் பொதிந்து வைக்கப்பட்டு, மழை பெய்த விடியலில் திறக்கப்படுகின்றன. மலரும் தறுவாயில் உள்ள மொட்டை வாடாமல் காக்க ஈரம் தாங்கும் பச்சை ஓலையே ஏற்றது என்பதை அறிந்திருந்த ஒரு சமூகத்தின் கைப்பழக்கம் அந்தப் பாடலுக்குள் பொதிந்து கிடக்கிறது.

இலக்கியத்தை விட்டு ஆவணங்களுக்குள் நுழைந்தால் பெட்டி மறைந்துவிடுகிறது. பல்லவர் காலச் செப்பேடுகள் ‘ஈழம்பூட்சி’ என்னும் வரியைக் குறிக்கின்றன. ஈழம் என்பது கள்ளுக்குரிய பழம்பெயர். பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஊர்களில் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்னும் நிபந்தனையைச் சோழர் காலச் சாசனங்களும் கூறுகின்றன. மரமும் அதன் சாறும் வருவாய்க்கு உரியவை என்பதால் அரசின் கண்ணில் பட்டன. ஓலைப்பெட்டிக்கு வரி இல்லை, ஆதலால் அதற்குக் கல்வெட்டும் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. இடையன்குடியில் பணியாற்றிய இராபர்ட் கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி எழுதிய நூலில் பனைத்தொழிலின் உழைப்பு விரிவாகப் பேசப்படுகிறது. ஆனால் அந்நூலின் பார்வையும் சொற்களும் அச்சமூகத்தை ஆழமாகப் புண்படுத்தின என்பதையும் மறவாமல்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். மறு ஆண்டே, 1850இல், வில்லியம் பெர்குசன் பனையைப் பற்றிய தனி நூலொன்றைக் கொழும்பில் வெளியிட்டார். பனையின் பயன்கள் 801 என்று ‘தாலவிலாசம்’ என்னும் தமிழ்ச் செய்யுள் நூல் அடுக்குவதாகக் கூறப்படுவதும் இக்காலத்து எழுத்துகளில் அடிக்கடி இடம்பெற்ற செய்தியாகும். இதே காலத்தில் நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் மிஷனரி குடும்பப் பெண்கள் கற்பித்த லேஸ் பின்னல், யார் தொடங்கினார், யார் கற்றார், எங்கு விற்றது என்ற விவரங்களோடு பதிவு பெற்றிருக்கிறது. அந்த லேஸ் பின்னக் கற்ற பெண்களின் தாய்மார் அதே கை நுட்பத்தோடு வீட்டுக்கு வீடு முடைந்த பெட்டிகளைப் பற்றி அத்தகைய பதிவு இல்லை. விற்பனைக்குப் போனது எழுத்தில் ஏறியது. எல்லோரும் செய்தது எவருக்கும் செய்தியாகவில்லை.

எழுத்தில் ஏறாத அந்த வேலையைச் சற்று அருகிலிருந்து காண்பது தகும். மரத்தின் உச்சியில் இன்னும் விரியாமல், விசிறி மடிப்பாக மூடிக் கிடக்கும் இளம் ஓலையே குருத்தோலை. முற்றிய ஓலை வேலிக்கும் கூரைக்கும் ஏற்றதாயினும், வளைத்தால் ஒடியும் இயல்பு கொண்டதால் நுண்ணிய முடைதலுக்கு உதவாது. வெட்டிய குருத்தைப் பிரித்து வெயிலிலும் பனியிலும் போட்டு வெளுக்க வைத்து, ஓலையின் தனியிதழாகிய ஒவ்வோர் இலக்கிலிருந்தும் நடு நரம்பாகிய ஈர்க்கை உரித்தெடுத்து, எஞ்சிய தகட்டைக் கத்தி முனையால் ஒரே அகலக் கீற்றுகளாகக் கிழிப்பார்கள். அகலம் ஒத்திருந்தால்தான் பின்னல் ஒத்திருக்கும் என்பதால், தேர்ந்த கையின் அடையாளம் முடைவதைவிடக் கிழிப்பதிலேயே தெரிந்துவிடும். காய்ந்த கீற்றைச் சிறிது நீர் தெளித்துப் பதமாக்கிக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிச் சதுரமான அடியை முதலில் முடைவார்கள். பிறகு அதே கீற்றுகளை மூலைகளில் மடக்கிச் சாய்வாக மேலேற்றும்போது, அடியில் சதுரமாகத் தொடங்கிய பெட்டி வாயில் வட்டமாக முடியும். அளவுகோலோ அச்சோ இல்லாமல், மூலையில் எத்தனை கீற்று மடங்க வேண்டும் என்ற கணக்கை விரல்களே வைத்துக்கொண்டு செய்யும் இந்த மாற்றம் வடிவியல் அறிவு என்று மதிக்கத்தக்கது. அதைக் கற்பித்த பாட்டிமார் எவரும் அதை அவ்வாறு சொல்லிக்கொண்டதில்லை.

பெட்டிக்குள் போகும் இனிப்பின் கதை இதைவிடக் கடினமான உழைப்பில் தொடங்குகிறது. பனையேறி பாளையின் நுனியைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வருவார். சுண்ணாம்பு இருந்தால் சாறு புளிக்காமல் பதநீராக இறங்கும், இல்லாவிட்டால் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை வெயில் ஏறுவதற்குள் வடிகட்டி, காய்ந்த ஓலையையும் மட்டையையும் விறகாக எரித்துக் காய்ச்சுவது வீட்டுப் பெண்களின் வேலை. பாகு இறுகத் தொடங்கும் நிலையில் உள்ள கூப்பனி என்னும் தேன்பதத்தைச் சுற்றியிருக்கும் குழந்தைகளுக்கு ஓலைத் துண்டில் எடுத்துக் கொடுப்பது வழக்கம். அதற்கு மேலும் கிண்டி, பதம் பார்த்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினால் அரைக்கோள வடிவில் கருப்பட்டி உருவாகும். சுக்கும் ஏலமும் சேர்த்துச் சிறு துண்டுகளாக எடுத்தால் அது சில்லுக்கருப்பட்டி. பதநீரை அங்கேயே குடிப்பவருக்கு ஓலையை மடித்துப் பிடித்துத் தரும் ஏனத்துக்குப் பட்டை என்று பெயர். சங்கப் பாடலின் பனங்குடை பெயர் மாறி நிற்பதே இந்தப் பட்டை என்று சொல்வதில் பிழையில்லை. உடன்குடிக் கருப்பட்டி இன்று புவிசார் குறியீடு பெற்றுத் தனிப்பெயரோடு விற்கிறது.

ஓலையும் இனிப்பும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகும் இடம் திருக்கார்த்திகை நாள். அன்று கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் செய்யப்படும் ஓலைக் கொழுக்கட்டைக்கு அச்சு, தட்டு, துணி எதுவும் தேவையில்லை. வறுத்த அரிசிமாவில் கருப்பட்டிப் பாகும் தேங்காய்த் துருவலும் ஏலமும் சுக்கும், சில வீடுகளில் வேகவைத்த சிறுபயறும் சேர்த்துப் பிசைந்துகொள்வார்கள். பச்சைக் குருத்தோலையின் ஒவ்வோர் இலக்கும் இயற்கையிலேயே ஈர்க்கை நடுவாகக் கொண்டு வாய்க்கால்போல் மடிந்திருப்பதால், அதைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, அந்த மடிப்புக்குள் மாவை அடைத்து, மூடி, ஓலைக் கீற்றாலேயே கட்டிப் பானையில் அடுக்கி ஆவியில் வேகவைத்தால் போதும். அவிழ்க்கும்போது கொழுக்கட்டையின் மேல் ஓலை நரம்பின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருக்கும். கருப்பட்டியின் மணத்தோடு பச்சை ஓலையின் மணமும் சேர்ந்து வரும். அந்த இரண்டாவது மணத்தை எந்தச் சமையல் பொருளாலும் கொண்டுவர இயலாது.

அதே நாளின் இரவுக்கு மாவலி. ஆண்பனையின் காய்ந்த பூந்தாறுகளைக் குழியில் இட்டு மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, துணியில் இறுகச் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைக் கீற்றுகளுக்கு நடுவே அந்தப் பொதியைச் செருகிக் கயிற்றில் தொங்கவிட்டு, நுனியில் கங்கு வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால், பொன்னிறப் பொறிகள் வட்டமாகக் கொட்டும். கார்த்திகைப் பொறி என்றும் அழைக்கப்படும் இந்த வாணவேடிக்கைக்குக் கந்தகமோ காசோ தேவைப்படவில்லை. சில நாட்கள் முன்பாகவே கரி சுட்டு ஆயத்தம் செய்யும் பொறுமை ஒன்றே தேவைப்பட்டது. கோயில் முன்றிலில் கொளுத்தப்படும் சொக்கப்பனையும் பனைமரத்தையும் ஓலையையும் கொண்டே அமைவதால், அந்த ஒரு நாளில் மரத்தின் குருத்தும் பூவும் ஓலையும் சாறும் முறையே ஏனமாகவும் விளையாட்டாகவும் வழிபாடாகவும் உணவாகவும் ஆயின.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கலை இன்னும் ஒரு படி மேலே சென்றது என்றே கூற வேண்டும். அங்கு ஓலை முடைதலுக்குப் பன்னவேலை என்று பெயர், பெட்டியை ‘இழைத்தார்கள்’. கடகம், சுளகு, உமல், தடுக்கு என விரியும் அதன் வகைகளில் சமையல் வரலாற்றுக்கு முதன்மையானது நீத்துப்பெட்டி. கூம்பு வடிவில் இழைத்த இப்பெட்டியில் பிட்டு மாவை இட்டுக் கொதிக்கும் பானையின் வாயில் வைத்தால், பின்னலின் இடுக்குகள் வழியே ஆவி ஏறி மாவை வேகவைக்கும். உலோகத் தட்டில்போல் நீர் திரண்டு சொட்டாமல் ஓலை அதை உறிஞ்சிக்கொள்வதால் பிட்டு உதிர்உதிராக வரும். கருப்பட்டிக்கு அங்கு வழங்கும் பெயர் பனங்கட்டி. அதன் பாகு சிரட்டையில் ஊற்றப்படுவதற்குப் பதிலாகக் குட்டான் எனப்படும் சிறு ஓலைப்பெட்டிகளில் ஊற்றப்பட்டு, அந்தப் பெட்டியோடேயே விற்கப்பட்டது. பழுத்த பனங்காயைப் பிசைந்தெடுத்த களியை ஓலைப்பாயில் மெல்லப் பூசி, ஒரு பூச்சு காய்ந்தபின் அதன்மேல் இன்னொரு பூச்சாக நாள்தோறும் ஏற்றி உலர்த்தினால் பனாட்டு. அதே களியை மாவோடு பிசைந்து எண்ணெயில் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல், அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் ஆகியவை பஞ்ச காலத்துக்கும் உதவின. ஆடி முதல் நாளாகிய ஆடிப்பிறப்பில் பனங்கட்டி சேர்த்துக் காய்ச்சும் கூழை, பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்திய கரண்டியால் பருகும் வழக்கம் குழந்தைகளுக்கு எத்தகைய கொண்டாட்டமாக இருந்தது என்பதற்கு, நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) அந்நாளைப் பற்றிக் குழந்தைப் பாடல் இயற்றியதே சான்றாகும். இலங்கையில் 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பின்னர் வந்த போரில் ஏராளமான பனைகள் பதுங்குகுழிகளுக்காக வெட்டப்பட்டும் குண்டுகளுக்கு இரையாகியும் அழிந்தன.

செட்டிநாட்டின் கொட்டான் இந்த மரபின் செல்வச் செழிப்பான கிளை. நகரத்தார் இல்லங்களில் ஆச்சிமார் தாங்களே ஓலைக்குச் சாயமேற்றி, கண்ணைப் பறிக்கும் நிறங்களில் கொட்டான் முடைந்து, அதன் வாயில் நூல் பின்னலும் மணியும் கோத்து, திருமணங்களில் பழமும் பலகாரமும் வைத்துக் கொடுத்தார்கள். வழக்கொழியும் நிலைக்கு வந்த இக்கலை ஓர் அறக்கட்டளையின் முயற்சியால் கிராமத்துப் பெண்களின் கைகளுக்கு மாறி உயிர்பெற்று, புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. தன் வீட்டு விசேஷத்துக்காக முடைந்த கை, பிறர் வீட்டு விசேஷத்துக்காகக் கூலிக்கு முடையும் கையாக மாறியது இழப்பென்று சிலர் கருதக்கூடும். ஆனால் பின்னல் மறக்கப்படவில்லை என்பதும், அது பெண்களுக்கு வருவாய் ஆனது என்பதும் அந்த இழப்பைவிடப் பெரியவை.

மற்ற இடங்களில் பாலித்தீன் பையும் பிளாஸ்டிக் கூடையும் வந்த வேகத்தில் ஓலைப்பெட்டி பின்வாங்கியது. மிட்டாய்க்கடைகள் ஓலைக்கொட்டானில் கட்டிக் கொடுத்த பழக்கம் குன்றியது. பனையேறும் தொழிலில் அடுத்த தலைமுறை இறங்காததால் குருத்து வெட்டித் தருவோரும் அருகினர். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்ட தடையும், ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்ற 2021ஆம் ஆண்டு அறிவிப்பும் மரத்துக்கும் பெட்டிக்கும் ஓரளவு துணை நின்றன. ஆயினும் எது நிலைத்தது, எது மறைந்தது என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பொருளைச் சுமக்க மட்டும் பயன்பட்ட பெட்டிகளின் இடத்தை வேறு பொருள்கள் பிடித்துக்கொண்டன. சுவையிலேயே பங்கு கொண்ட நீத்துப்பெட்டியும் கொழுக்கட்டை ஓலையும் முற்றிலும் இடம் இழக்கவில்லை. திருக்கார்த்திகைக்கு முந்தைய நாட்களில் தென்மாவட்டச் சந்தைகளில் குருத்தோலை இன்றும் கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது.

அரசரின் ஏடும் மிஷனரியின் ஏடும் விட்டுவிட்ட பெட்டி வகைகளையும், மூலை மடக்கும் முறைகளையும், ஊருக்கு ஊர் மாறும் அவற்றின் பெயர்களையும் அறிந்த கைகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றைப் பெயரோடும் படத்தோடும் பதிந்து வைக்கும் வேலையைப் பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் இனியும் தள்ளிப்போடக் கூடாது.