ரேப்சீட் எண்ணெயின் நன்மை எதில் இருக்கிறது?

ரேப்சீட் எண்ணெய் பற்றிய விவாதம் பெரும்பாலும் இரண்டு கட்சிகளுக்குள் அடங்கிவிடுகிறது. இதயத்துக்கு இதைவிட நல்ல எண்ணெய் இல்லை என்கிறது ஒரு கட்சி. இயந்திரத்துக்கு ஊற்றியதைச் சமையலறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்கிறது மறுகட்சி. இரண்டாவது கூற்றில் வரலாற்று உண்மை உண்டு. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. இந்த எண்ணெய்க்கென்று மாறாத நன்மையோ தீமையோ கிடையாது என்பதே என் வாதம். எந்த ரகத்து விதை, எப்படி எடுத்த எண்ணெய், எந்தக் கொழுப்புக்குப் பதிலாக என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் அதன் பயனை எடைபோட முடியாது.

ரேப்சீட் கடுகுக் குடும்பத்துச் செடி. ஐரோப்பாவிலும் கனடாவிலும் பெரிதும் விளையும் இனம் முட்டைக்கோஸ் இனமும் டர்னிப் இனமும் இயற்கையாகக் கலந்து பிறந்தது என்பதை 1935இல் தாவரவியலாளர் நாகஹாரு உ விளக்கினார். இந்த எண்ணெய் நெடுங்காலம் அடுப்பை விட விளக்கையே அதிகம் நம்பியிருந்தது. எடோ காலத்து ஜப்பானிய வீடுகளிலும் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு, பிரிட்டிஷ் கலங்கரை விளக்கங்களிலும் எரிந்தது இதுவே. மண்ணெண்ணெய் வந்ததும் அந்தச் சந்தை போயிற்று. நீராவி இயந்திரங்கள் இன்னொரு வேலை கொடுத்தன. நீரும் ஆவியும் படும் உலோகப் பரப்பில் மற்ற எண்ணெய்கள் வழிந்துபோக, இது ஒட்டி நின்றது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய, ஆசிய வரத்து அறுபட்டபோது, கப்பல் இயந்திரங்களுக்காகவே கனடாவின் சமவெளி உழவர்கள் இதை விதைக்கத் தொடங்கினார்கள். போர் முடிந்து டீசல் இயந்திரம் பரவியதும் விளைச்சலை வாங்க ஆளில்லை. அதை உண்ணும் எண்ணெயாக்கும் முயற்சி அந்த நெருக்கடியில் பிறந்தது.

தடையாக நின்றது எருசிக் அமிலம். பழைய ரகங்களின் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி அதுதான். அதை மிகுதியாக ஊட்டிய எலிகளின் இதயத் தசையில் கொழுப்பு படிந்ததை ஆய்வுகள் காட்டின. இந்த அமிலத்தை எரித்துச் செரிக்கும் திறன் எலிக்குக் குறைவு என்பது பிறகு தெரியவந்தது. மனிதருக்கு அதே கேடு நேர்கிறது என்பது உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனாலும் மாற்று ரகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் கனடா காத்திருக்கவில்லை.

அந்த மாற்று ரகம் உருவான விதம் கவனிக்கத்தக்கது. கனடாவின் சஸ்கட்டூனில் பயிர் ஆய்வாளர் கீத் டவுனி குழுவினர் கையாண்ட உத்தி அரைவிதை முறை. ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள விதையை முளைக்கவிட்டு, இரு விதையிலைகளில் வெளிப்புறத்து ஒன்றை மட்டும் கிள்ளி எடுத்து, அதன் கொழுப்பு அமிலங்களை வாயு நிறப்பிரிகைக் கருவியில் அளந்தார்கள். முளைக்கருவோடு கூடிய மறுபாதி பத்திரமாக இருந்தது. எருசிக் குறைவு என்று தெரிந்தால் அந்தப் பாதியை நட்டார்கள். செடி வளர்ந்து, காய்த்து, ஆட்டிப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மரபணு மாற்றத் தொழில்நுட்பம் வருவதற்கு முன்பே, பொறுக்கியெடுத்தலும் இனக்கலப்பும் கொண்டு நடந்த வேலை இது. களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்று ரகங்கள் 1990களின் நடுவில்தான் வயலுக்கு வந்தன. இத்தகைய ரகங்களின் பின்னாளைய பெயரான கனோலா என்றாலே மரபணு மாற்றத்தில் பிறந்தது என்று எழுதுவோர் இந்தக் கால வரிசையைப் பார்ப்பதில்லை.

எண்ணெயைச் சீராக்கியதோடு வேலை முடியவில்லை. புண்ணாக்கில் தங்கும் குளுக்கோசினோலேட் கால்நடைகளின் தைராய்டைப் பாதித்தது. தீவனத்துக்கு ஆகாத புண்ணாக்கு என்றால் ஆலைக்கு வருமானத்தில் ஒரு பங்கு போயிற்று. மனிடோபா பல்கலைக்கழகத்தின் பால்டுர் ஸ்டெஃபான்சன் 1974இல் வெளியிட்ட 'டவர்' ரகம் இரண்டு குறைகளையும் ஒருசேரத் தீர்த்தது. 1978இல் இத்தகைய ரகங்களுக்குக் கனோலா என்ற வணிகப் பெயர் பதிவானது. இன்றைய வரையறைப்படி எண்ணெயில் எருசிக் அமிலம் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

இப்போது உணவுப் பயனுக்கு வருவோம். கனோலா எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு. ஒலீயிக் அமிலம் 60 விழுக்காட்டை ஒட்டியது. ஒமேகா-3 வகை ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் சுமார் 10. சமையல் எண்ணெய்களில் இது நல்ல சேர்க்கைதான். ஆனால் 2006இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த இதய நல வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 19 கிராம் கனோலா பயன் தரலாம் என்ற அந்த வாசகமே, சான்று வரம்புக்குட்பட்டது என்கிறது. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக, மொத்தக் கலோரி கூடாமல் என்றும் நிபந்தனை போடுகிறது. நெய்யைக் குறைத்து இதைச் சேர்த்தவருக்குப் பலன் உண்டு. இருக்கிற எண்ணெயோடு இதையும் ஊற்றியவருக்கு எடைதான் கூடும். இதய நோயாளிகளின் உணவை மாற்றிப் பார்த்த, பிரான்சின் 1990களின் லியோன் ஆய்வைக் கனோலாவின் வெற்றியாகக் காட்டுவதும் மிகை. அங்கே கனோலா மார்கரினோடு ரொட்டி, காய்கறி, பழம், மீன் என்று உணவுமுறையே மாறியிருந்தது.

வங்காளமும் வட இந்தியாவும் எதிர்த்திசையில் ஒரு சான்று தருகின்றன. அங்கே புழங்கும் கடுகெண்ணெயில் எருசிக் அமிலம் பெரும்பாலும் 40 விழுக்காட்டுக்கு மேல். டெல்லியிலும் பெங்களூருவிலும் மருத்துவமனைகளில் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், கடுகெண்ணெயில் சமைப்போரிடம் இதய நோய் குறைவாகவே காணப்பட்டது. நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு அது. காரணத்தை அதனால் நிறுவ முடியாது. ஆனாலும் எலியின் இதயத்தைக் காட்டி வங்காளிச் சமையலறையை மிரட்டுவது அறிவியலாகாது என்பதற்கு அது போதும்.

அன்றாடப் புழக்கத்தில் ரகத்தோடு தயாரிப்பு முறையும் சேர்ந்துகொள்கிறது. பிழிந்து, ஹெக்ஸேன் கொண்டு எஞ்சியதையும் எடுத்து, சுத்திகரித்த எண்ணெய்க்கு மணமில்லை. தாளிக்கும் கடுகு, கறிவேப்பிலை வாசனைக்குக் குறுக்கே அது நிற்காது. டொரொண்டோத் தமிழர் வீடுகளில் கனோலா எளிதாக இடம்பிடித்ததற்கு விலையோடு இதையும் சேர்க்கலாம். செக்கில் பிழிந்த மஞ்சள் எண்ணெய்க்குத் தனி மணம் உண்டு. சாலடுக்கும் மிதமான வதக்கலுக்கும் அது ஏற்றது. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடை, பஜ்ஜி போடுவதற்குச் சாதாரண கனோலா உகந்ததல்ல. ஒமேகா-3 சிதைந்து மீன் கவிச்சி போன்ற வாடை எழும். எந்தச் சத்துக்காக இதைப் புகழ்கிறோமோ அதுவே கடாயில் பலவீனம். இதற்காகவே ஒலீயிக் கூட்டி, லினோலெனிக் குறைத்த தனி ரகங்களை வளர்த்தார்கள். அவை பெரும்பாலும் உணவு ஆலைகளுக்குப் போகின்றன.

சமையலறையிலிருந்து விரட்டப்பட்ட எருசிக் அமிலம் அழிந்துவிடவில்லை. பாலித்தீன் பைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கி விலக, அதிலிருந்து எடுக்கும் எருசமைடு சேர்க்கப்படுகிறது. அட்ரினோலுகோடிஸ்ட்ரோபி என்ற அரிய பரம்பரை நோய்க்குக் கொடுத்துப் பார்க்கப்பட்ட 'லொரென்சோ எண்ணெய்' ஒலீயிக், எருசிக் அமிலங்களின் கலவைதான். இத்தேவைகளுக்காக மனிடோபாவில் உயர் எருசிக் ரகங்கள் இன்றும் ஒப்பந்த முறையில், கனோலா வயல்களோடு கலந்துவிடாத தூரத்தில் பயிராகின்றன.